அண்ணிக்குப் பிரெஞ்சு வந்துவிட்டது, அண்ணே

என் உயிரான அண்ணே,

உனக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. போனில் சொல்ல வழியில்லை, தபாலில் போட விலாசமில்லை. ஊரார் படித்தாலும் பரவாயில்லை என்று பத்திரிகைக்கே எழுதுகிறேன். அண்ணிக்குப் பிரெஞ்சு வந்துவிட்டது.

“யாருக்கு, நம்ம ரெஜினாவுக்கா?” என்று நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ஆமாம், உன் ரெஜினாவுக்குத்தான். பேசுகிறார், அண்ணே. நிறுத்தி நிறுத்தித்தான் பேசுகிறார். ஆனால் எதிரே நிற்கிறவர்களுக்குப் புரிகிறது. அவர்கள் சொல்வது இவருக்கும் புரிகிறது. இதைவிட என்ன வேண்டும்?

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நம் அப்பா ‘சொல்தா’. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியவரை அப்படித்தான் இங்கே சொல்வார்கள். அந்த வழியில் உனக்கும் எனக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. எனக்கு இங்கே காரைக்கால் தருமபுரத்திலேயே கல்யாணம் ஆகிவிட்டது, நான் எங்கேயும் போகவில்லை. நீ பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல் சமையற்கட்டுக்கு வேலைக்குப் போனாய். அண்ணியும் உன் மகள் அனிதாவும் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தார்கள்.

உனக்கு அந்த மொழி எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறாயா? நீ உட்கார்ந்து படித்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் கூட்டாளிகள் வாசலில் நின்று பேசுவதைக் கேட்டுவிட்டு, உள்ளே வந்து அதே குரலில், அதே இழுப்போடு சொல்லிக் காட்டுவாய். அதற்கு என்ன அர்த்தம் என்று பிறகுதான் கேட்பாய். அங்கே போன கொஞ்ச காலத்திலேயே, கூட வேலை பார்த்த போர்ச்சுக்கல்காரரின் பாஷையையும் பிடித்துக்கொண்டாய். எனக்கும் உன் காதில் பாதி இருக்கிறது. அண்ணிக்கு அது இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ நம் வீட்டில் எத்தனை வருத்தத்தைக் கொண்டுவந்தது!

நீ ஏன் அண்ணியை உடனே அழைத்துக்கொள்ளவில்லை என்று ஊரில் என்னென்னவோ பேசினார்கள். எனக்குக் காரணம் தெரியும். உன் கூட்டாளி ஒருவரின் மனைவி, நம் பக்கத்துப் பெண், ஒரு வார்த்தை தெரியாமல் அங்கே வந்தவர். நாலாவது மாடி வீட்டில் ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்து, கடைசியில் தமிழில்கூட யாரோடும் பேசாமல் ஆகிவிட்டார். அதைப் பார்த்துவிட்டு நீ என்னிடம் சொன்னாய்: “எம் பொண்டாட்டிக்கு அந்தக் கதி வரக்கூடாது ஸ்டெல்லா. பேசக் கத்துக்கிட்டு வரட்டும். கடைக்குத் தனியாப் போயி, வேணுங்கிறத கேட்டு வாங்கட்டும்.”

அதனால் நீயே வாத்தியார் ஆனாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். அண்ணி ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்பார். நீ கத்துவது பக்கத்தில் இருக்கும் எனக்கும் கேட்கும்.

மேலே என்பதற்கு ஒரு சொல், கீழே என்பதற்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ‘தெசு’ என்றுதான் வரும். கடைசி எழுத்தின் ஒலியில் மட்டும் வித்தியாசம். அதில்தான் அண்ணி மாட்டிக்கொண்டார்.

“கேளு ரெஜினா. தெசு. இது மேல. தெசு. இது கீழ. எங்க, சொல்லு.”

“தெசு.”

“இப்ப நீ சொன்னது எது?”

“ரெண்டும்தாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு வரவில்லை.

“ரெண்டும் வேற வேறடி! காதுல வுழுவலையா? நான் சொல்ற மாதிரியே சொல்லு, அவ்வளவுதான!”

“நீங்க சொல்ற மாதிரிதாங்க சொல்றேன்.”

அதற்கு மேல் அண்ணியால் முடியாது. ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். உனக்கு அவர் மேல் கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்கு அது எப்படி வந்தது என்றே உனக்குத் தெரியாது, பிறகு எப்படிச் சொல்லிக்கொடுப்பாய்? ‘நான் சொல்ற மாதிரி சொல்லு’ என்பதைத் தவிர உன்னிடம் வேறு பாடம் இல்லை. அண்ணியோ, “எனக்கு மண்டையில ஒண்ணுமில்ல ஸ்டெல்லா. களிமண்ணுதான்” என்று சொல்ல ஆரம்பித்தார். அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்க முடியாது.

கடைசியாக நாம் பேசியபோது உன் குரலில் கத்தல் இல்லை. “அவளுக்கு வராது போலருக்கு ஸ்டெல்லா. நான் வேலைய வுட்டுட்டு அங்கயே வந்துடட்டுமா?” என்றாய். “அவசரப்படாத, அடுத்த வாரம் பேசுவோம்” என்றேன். அடுத்த வாரம் உன் கூட்டாளிதான் கூப்பிட்டார். வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். உடலை இங்கே கொண்டுவர முடியவில்லை. அங்கேயே மண்ணில் வைத்தார்கள். நாங்கள் இங்கே உன் படத்தை வைத்து மாதா கோயிலில் பூசை கொடுத்தோம்.

பூசைக்கு வந்தவர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள். “இனிமே அந்தப் பொண்ணுக்குப் பிரெஞ்சு எதுக்கு? அந்தத் தொல்லையாவது வுட்டுதே.” அண்ணி காதிலும் அது விழுந்தது.

துக்கம் கேட்பவர்கள் வருவது நின்ற பிறகு ஒருநாள் அண்ணி என் வீட்டுக்கு வந்தார். தலையை வாரி, வெளியே போகிற புடவை கட்டியிருந்தார்.

“டவுன்ல ஒரு மதாம் மாடியில பிரெஞ்சு சொல்லித் தராங்களாம்ல. துணைக்கு வா ஸ்டெல்லா.”

“இப்ப எதுக்கு அண்ணி?”

“அனிதாவ அங்க படிக்க வைக்கணும்னு அவங்க ஆசைப்பட்டாங்க. அவங்கள வச்ச எடத்தயும் நான் பாக்கணும். அங்க போயி ஊமையா நிக்கவா?”

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மதாமை, அதாவது அந்த டீச்சரம்மாவை, உனக்குத் தெரியாது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நம் ஊர்க்காரர்தான். முதல் நாள் அவர் பிரெஞ்சே சொல்லித்தரவில்லை. யாருக்கும் தெரியாத ஒரு பாஷையில் சில சொற்களைச் சொன்னார். கல்லுக்கு இது, தண்ணீருக்கு இது, ஓடு என்பதற்கு இது என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்டார். அது எந்த நாட்டுப் பாஷை என்று கேட்டதற்கு, “நானே கட்டினது, தேடாதீங்க” என்றார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணி எழுந்து நின்றார். ஒன்றுகூட வரவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்று அண்ணி என் கையைக் கிள்ளினார். மதாம் அதைப் பார்த்துவிட்டார்.

“உக்காருங்க. இது பாஸா ஃபெயிலான்னு பாக்க வச்சதில்ல. யார எங்க உக்கார வைக்கணும், யாருக்கு எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியறதுக்காக வச்சது.”

அண்ணியை முதல் பெஞ்சில், தன் முகத்துக்கு நேரே உட்கார வைத்தார். துணைக்கு வந்த என்னையும் வகுப்பில் சேர்த்துக்கொண்டு, பின்னால் தள்ளிவிட்டார்.

கொஞ்ச நாளில் அந்த ‘தெசு’ வந்தது. அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. மதாம் சொன்னார்: “காத வுட்டுடுங்க. என் வாய மட்டும் பாருங்க. விசில் அடிக்கிற மாதிரி உதட்டக் குவிங்க. குவிச்சபடியே, உதட்ட அசைக்காம, உள்ளார ‘ஈ’ சொல்லுங்க. அதான் மேல. கீழங்கிறது நம்ம ‘ஊ’தான், சும்மா சொன்னாப் போதும்.”

அண்ணி பார்த்தார். உதட்டைக் குவித்தார். சொன்னார். மேலே. பிறகு, கீழே. மறுபடியும் மேலே. வகுப்பில் யாருக்கும் அது பெரிய விஷயமில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, அண்ணே.

வீட்டுக்கு வரும்போது அண்ணி எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். கடைத்தெரு தாண்டிய பிறகு திடீரென்று நின்றார். “ஸ்டெல்லா, எனக்கு வாயப் பாத்தாத்தான் வருது. போன்ல அவங்க வாய நான் எங்க பாத்தேன்?” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “அவங்க மேலயும் தப்பில்ல, எம் மேலயும் தப்பில்ல. பாவம், கத்திக் கத்தித் தொண்ட போச்சு அவங்களுக்கு.”

நீ போன பிறகு அண்ணி அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. ஒலி வந்தாலும் அண்ணி பேசவில்லை. மாதக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. வாக்கியம் முழுவதும் மனதுக்குள் கட்டி முடித்து, எங்கும் ஆடாது என்று தெரிந்தால்தான் வெளியே விடுவார். அதற்குள் மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

எங்கள் வகுப்பில் திருமலைராயன்பட்டினத்து ஹாஜா பாய் இருந்தார். மலேசியாவில் கடை வைத்திருந்தவர், மகன் குடும்பம் பிரான்சில். அவர் நேர்மாறு. ஆண்பால் பெண்பால் எதையும் பார்க்க மாட்டார். மலாய், அரபு, தமிழ் எல்லாவற்றையும் போட்டுக் கலந்து அடிப்பார். மதாம் சிரித்துவிட்டுத் திருத்துவார், அவரும் சிரித்துவிட்டு மறுபடி அதே தப்பைச் செய்வார். “தப்பாப் பேசுனா நாக்கு அறுந்துடுமாம்மா? பேசுங்கம்மா” என்று அண்ணியை உற்சாகப்படுத்துவார். அண்ணிக்கு அது முடியாது. ஹாஜா பாய்க்கு அண்ணியைப்போல வாய்மூடி இருக்க முடியாது. நான் இரண்டுக்கும் நடுவே. அன்றைக்குக் கேட்டது அன்றைக்கே வரும், மறுவாரம் பாதி பறந்துவிடும். அண்ணியிடம் ஒரு தடவை சேர்ந்தது போகவே போகாது. ஒரே பெஞ்சு, ஒரே பாடம், ஒரே மதாம். ஆனாலும் மூன்று பேரும் மூன்று வழியில்தான் போனோம். இதை உனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், இல்லையா?

நீ போன மறுவருஷம் கடல் வந்தது. கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள். நாங்கள் பிழைத்தோம். மீனவர் குப்பமான கிளிஞ்சல்மேட்டைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை. பிழைத்து வந்தவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். கோயிலிலிருந்து நாங்கள் சோறு கொண்டுபோனோம்.

அங்கே பிரான்சிலிருந்து ஒரு நர்ஸ் வந்திருந்தார், சின்னப் பெண். கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் வேறு முகாமுக்குப் போயிருந்தார். கிளிஞ்சல்மேட்டுத் தாய் ஒருத்தி, மடியில் குழந்தை. குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு வீறிடுகிறது. நர்ஸ் ஏதோ கேட்கிறார். தாய்க்குப் புரியவில்லை. கூட்டத்தில் யாரோ, “தோ, பிரெஞ்சு படிச்சவங்க நிக்கிறாங்க” என்று என்னைத் தள்ளிவிட்டார்கள்.

அண்ணே, எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வணக்கம் சொல்லும் போன்ழூர்கூட வரவில்லை. அவ்வளவு அழுகைக்கு நடுவே என் காதில் எதுவும் பிடிபடவில்லை.

அண்ணி சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த நர்ஸின் எதிரே போய் நின்றார். வாயையே பார்த்தார். நர்ஸ் மறுபடி கேட்டார். அண்ணி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். வராது, வராது என்று மனசு அடித்துக்கொண்டது. பிறகு அண்ணி தாயிடம் திரும்பி, “காது வலி எப்பலேருந்துன்னு கேக்குறாங்க. புள்ளைக்கு ஏதாச்சும் மருந்து ஒத்துக்காதான்னும் கேக்குறாங்க” என்றார்.

“தண்ணி உள்ள போனதுலேருந்தும்மா. நேத்துலேருந்து சீழு வருது. மருந்தெல்லாம் ஒத்துக்கும்.”

அண்ணி அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. நர்ஸ் ஒரு முறைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு மருந்தை எடுத்தார். குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அண்ணி பிடித்துக்கொண்டார். பிறகு அடுத்த தாய், அதற்கடுத்த தாய். சாயங்காலம் வரை அண்ணி அங்கேயே நின்றார். சோற்றை நான்தான் பரிமாறினேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன்: நீ வேலையை விட்டுவிட்டு வரவேண்டியிருந்திருக்காது, அண்ணே. இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் அண்ணியே வந்திருப்பார். அது வருத்தமாகவும் இருந்தது, பெரிய பாரம் இறங்கியது போலவும் இருந்தது. உனக்கும் அப்படித்தான் இருந்ததா?

அதன் பிறகு காகித வேலைகள். அனிதாவுக்கு உன் வழியில் குடியுரிமை இருந்தது, அவள் தாய் என்பதால் அண்ணிக்கும் வழி கிடைத்தது. இழுத்தடித்துக் கடைசியில் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். உன் கூட்டாளியும் அவர் மனைவியும்தான் வீடு பார்த்துக் கொடுத்தார்கள். ஆமாம், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த அதே பெண்தான். அண்ணி அவரையும் கூட்டிக்கொண்டுதான் இப்போது கடைக்குப் போகிறார். அண்ணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. “புள்ளைங்க நல்லா வாயத் தொறந்து பேசுதுங்க ஸ்டெல்லா. அதுங்கள்ட்ட கத்துக்கிறது சுளுவா இருக்கு” என்கிறார். போனில் யாராவது பிரெஞ்சில் பேசினால் மட்டும் இன்னும் தடுமாற்றம்தான். “நேர்ல வரேன்” என்று சொல்லி வைத்துவிடுவாராம். அனிதா உன்னைப்போல. போன கொஞ்ச நாளிலேயே அந்த ஊர்ப் பிள்ளையாகவே பேசுகிறாள்.

இனி இந்தக் கடிதத்தை எழுத வைத்த சேதிக்கு வருகிறேன்.

அங்கே போன முதல் வாரமே அண்ணி உன்னைப் பார்க்க வந்தார் அல்லவா? பூ வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கல்லறைப் பெயர்ப் பலகையைப் பார்த்திருக்கிறார். ஆரோக்கியநாதன் என்ற உன் பெயரில் நடுவே மூன்று எழுத்தைக் காணோம். ‘ஆரோநாதன்’ என்று யாரோ ஒரு ஆள் பெயர் இருந்திருக்கிறது. இத்தனை காலமாக நீ அந்தப் பெயரில் படுத்திருந்திருக்கிறாய். அங்கிருந்த காவலாளி, அதை மாற்ற வேண்டுமென்றால் மேரியில் போய்ச் சொல்லுங்கள் என்றாராம். நம் ஊரில் அந்தக் காலத்துப் பெரியவர்கள் நகராட்சியை மேரி என்பார்களே, அங்கேயும் அதுதான் பெயர்.

இருவரும் மேரிக்குப் போயிருக்கிறார்கள். கவுண்டரில் இருந்த அம்மாள் அனிதாவைத்தான் பார்த்திருக்கிறார், இந்தப் பெண்தான் பேசும் என்று. அனிதாவும் வாயைத் திறந்துவிட்டாள். அண்ணி அவள் தோளைத் தொட்டு நிறுத்தியிருக்கிறார்.

“நீ இரு. என் புருஷன் பேரு. நான் பேசுறேன்.”

பிறகு நிமிர்ந்து நின்று, வழக்கம்போல முதலில் சும்மா இருந்திருக்கிறார். அந்த அம்மாள் காத்திருந்தாராம். பின்னால் வரிசையில் இருந்தவர்களும் காத்திருந்தார்களாம். “எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு அத்தை” என்று அனிதா போனில் சொன்னாள். அதன் பிறகு அண்ணி ஆரம்பித்திருக்கிறார். என் கணவர் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். அவர் பெயரைத் தவறாக எழுதியிருக்கிறார்கள். நடுவில் மூன்று எழுத்து விட்டுப்போயிருக்கிறது. ஒவ்வோர் எழுத்தாகப் பிரெஞ்சு உச்சரிப்பில் சொல்லியிருக்கிறார்: கா, ஈ, ஆ; இங்கிலீஷில் கே, ஐ, ஏ. அந்த அம்மாள் எழுதி, திருப்பிக் காட்டி, சரியா என்று கேட்டாராம். “வீ, மதாம்”, ஆமாம் அம்மா, என்று சொல்லிவிட்டு அண்ணி நன்றி சொன்னாராம்.

போன வாரம் புதுப் பலகை வைத்துவிட்டார்கள். அண்ணி கூப்பிட்டார். “முழுப் பேரும் இருக்கு ஸ்டெல்லா. தொட்டுப் பாத்துட்டேன்” என்றார்.

கல்லறைத் திருநாளுக்கு நான் வருகிறேன், அண்ணே. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. விமான நிலையத்தில் அண்ணி வந்து நிற்பார், பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் கேட்பார், பூக்கடையில் அவரே பேசுவார். நான் ஒரு வார்த்தையும் குறுக்கே பேசாமல் பக்கத்தில் நிற்பேன். இது சத்தியம்.

உனக்குப் பின் பிறந்து, உன் பெயரை இன்று முழுதாகச் சொல்லிப் பார்த்த தங்கை,
ஸ்டெல்லா